கெட்டி எண்ணெய்

சாப்பாட்டு மேஜையில் பழைய துண்டை விரித்து, ரிமோட் காரைக் கவிழ்த்துப்போட்டு, அதன் பின்பக்கத்தை மறுபடியும் பிரிக்கிறார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். காலையில்தான் பூட்டினார். நறுக்க வேண்டிய காய்களோடு எதிரே நிற்கிறார் அவருடைய அக்கா.

"டேய், மேஜை வேணும்டா."

"ஆட்டாதேக்கா! குமிழி அடங்கட்டும்."

வளைவில் பின்சக்கரங்கள் இரண்டும் தத்தம் வேகத்தில் சுற்ற, டிஃபரன்ஷியல் என்று பாக்கு அளவில் ஒரு பற்சக்கரப் பெட்டி உண்டு. அதற்குள் சிலிக்கோன் எண்ணெய் ஊற்றி, காற்றெல்லாம் வெளியேறும்வரை காவல் காப்பார். ஊற்றுவதற்கு அக்காவின் இருமல் மருந்து சிரிஞ்சுதான். கேட்டால், "கழுவித்தானே வெச்சேன்!"

கொஞ்ச நாளாகப் பைத்தியம் முற்றிவிட்டது. வலச் சக்கரத்தை இறுக்கிப் பிடித்து, இடச் சக்கரத்தை இடது கட்டைவிரலால் உருட்டுவார். உதட்டைப் பிதுக்குவார். "இன்னும் லூசாத்தான் இருக்கு." பெட்டியை இறுக்க, அதைவிடக் கெட்டியான எண்ணெய் உள்ளே போகும். போன ரிமோட் கார் பந்தயத்தில் கார் வளைவுக்கு வளைவு பின்பக்கம் வழுக்கிப் பம்பரமாகச் சுற்றியது. எண்ணெய்க் கம்பெனியைத் திட்டினார். கடையில் ஃபிரேம் திருகுகள் கை நழுவுகின்றன. அதற்குத் திருகு செய்தவனுக்குத் திட்டு. ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பந்தயம்.

அக்காவுக்குப் பொறுமை போயிற்று. தம்பி பெட்டியை மூடித் திருகியதும் காரைப் பிடுங்கிச் சக்கரத்தை உருட்டினார். லேசில் நகரவில்லை.

"இதுவாடா லூசு? துருப்பிடிச்ச தாழ்ப்பாளாட்டம் இருக்கு."

"உனக்கென்ன தெரியும், குடு இப்படி."

நீட்டிய இடது கையின் கட்டைவிரலில் புதுக் கொப்புளம்.

"எப்ப சுட்டுக்கிட்டே?"

"எதை?"

"ஒயருக்கு ஈயம் பத்த வெச்சியா?"

"காலையில கொஞ்சம்."

கொப்புளத்தின் ஓரத்தை அக்கா நகத்தால் அழுத்தினார். தம்பி காரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்கலையா?"

"என்ன பண்றே?"

அக்கா காரைக் கொடுத்தார். தம்பி அதைத் திருப்பிப் பிடித்து, அதே சக்கரத்தை இந்தத் தடவை வலது கட்டைவிரலால் உருட்டினார். இன்னொரு முறை உருட்டினார். பிறகு காரைக் கீழே வைத்துவிட்டு இடது கட்டைவிரலைப் பார்த்தார்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம்."

"ஞாயித்துக்கிழமை முடியட்டும்க்கா..."

"கண்ணாடி மாட்டுற கைடா அது."

ரத்த அழுத்தம் பார்க்கக்கூட யாருக்கும் கை கொடுக்காத மனிதர், இடது கையைத் துண்டில் விரல் விரலாகத் துடைத்து, சுவரைப் பார்த்தபடி அக்காவின் பக்கம் நீட்டி வைத்தார்.