நாற்பத்திரண்டாவது அழைப்பு

நான் பேய், பிசாசை நம்புகிற ஆள் இல்லை. கம்ப்யூட்டரில் எழுதிய ஸ்கிரிப்ட் ஓடவில்லை என்றால் எத்தனையாவது வரியில் பிழை என்று பார்க்கிற ஆள். அதனால்தான் சொல்கிறேன்... இது நடந்தது. நேரம் எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். முருகதாஸ் என்று ஒரு சாட்சியும் உண்டு. அவனிடம் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான்.

என் பெயர் ரெனிஷ். நாகர்கோவிலில் ஒரு சின்ன கம்பெனியில் மென்பொருள் வேலை. முருகதாஸ் என் அறைத் தோழன். எனக்குச் சொந்த ஊர் கடியப்பட்டணத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கடற்கரை ஊர். அப்பா ஏசுஅடிமைக்கு அறுபத்திரண்டு வயது. இன்னும் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறார். நிறுத்தச் சொன்னால் கோபம் வரும்.

ஓகிப் புயலில் எங்கள் ஊர் இழந்தது கொஞ்சநஞ்சமில்லை. அதற்குப் பிறகுதான் நான் அந்த ஸ்கிரிப்டை எழுதினேன். காற்று எச்சரிக்கை வந்ததும் லேப்டாப்பில் ஒரே ஒரு கட்டளை தட்டுவேன். ஊரிலுள்ள நாற்பத்தொரு வள்ளக்காரர்களுக்கும் ஐந்தைந்து பேராகப் போன் போகும். கடலுக்குப் போக வேண்டாம் என்று கம்ப்யூட்டர் குரல் பேசும். சரியாகப் பதினோரு வினாடி. போன் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க என் எண்ணையும் கடைசியில் சேர்த்திருந்தேன். ஆக மொத்தம் நாற்பத்திரண்டு.

போன வருடம் அக்டோபர். வியாழக்கிழமை. நானும் முருகதாஸும் அறையில் இருந்தோம். மதியம் 3:14.

எச்சரிக்கை வந்தது. ஐந்து மணிக்குள் பலத்த காற்று அடிக்கும். எங்கள் ஊர் வள்ளங்கள் நான்கு மணிக்குக் கடலில் இறங்கும்.

3:16. கட்டளையைத் தட்டினேன். சிவப்பு எழுத்தில் பிழை வந்தது. போன் போடுகிற நிரல் துண்டு, பேக்கேஜ் என்போம், அது இல்லையாம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. லேப்டாப்பில் இடம் இல்லை என்று, இறக்கி வைத்திருந்த பேக்கேஜ் ஃபோல்டர்களை முந்தின நாள் மொத்தமாக அழித்திருந்தேன். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற காரியம்தான். வேண்டுமென்றால் இன்னொரு கட்டளை போதும், எல்லாம் நெட்டிலிருந்து திரும்ப வந்துவிடும். நூற்றுப்பதினெட்டு பேக்கேஜ். நான்கு நிமிடம் ஆகும்.

இறக்கக் கொடுத்தேன். 3:19. வெளியே இடி விழுந்தது. ரௌட்டரில் சிவப்பு விளக்கு.

நெட் போய்விட்டது. போனிலும் டேட்டா இல்லை. பேசுவதற்கு மட்டும் ஒரு கோடு சிக்னல். அப்பாவுக்குப் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. இன்னொரு வள்ளக்காரர் பேபி மாமாவுக்குப் போட்டேன். கிடைக்கவில்லை. கோயில் அலுவலகத்தில் யாருமில்லை. மற்றவர்களின் எண்கள் என்னிடம் இல்லை. எல்லாம், ஸ்கிரிப்டுக்காக அழைப்புகளைப் போடுகிற இணையப் போன் சேவையின் சர்வரில் கிடந்தன. அந்த மழையில் பைக்கில் போனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். என் மடத்தனத்தால் அப்பா போய்விடுவாரே என்று இருந்தது.

வேறு வழி தெரியவில்லை. மேல் அம்புக்குறியை அழுத்தி அதே கட்டளையைத் திரும்பத் திரும்பத் தட்டினேன். இணைப்பு இல்லை. இணைப்பு இல்லை. இணைப்பு இல்லை...

3:47.

திரையில் ஒரு கேள்வி வந்தது. ஒரு பேக்கேஜ் இறக்க வேண்டும், சம்மதமா என்று கேட்டது. பேக்கேஜ் இறக்குகிற கருவி வழக்கமாகக் கேட்பதுதான். ‘ஒய்’ என்ற எழுத்தைத் தட்டினால் இறங்கும்.

நான் விசைப்பலகையைத் தொடவில்லை.

‘ஒய்’ விழுந்தது.

முருகதாஸ் என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தான். ரௌட்டரைப் பார்த்தான். திரையைப் பார்த்தான்.

"நெட்டு இல்லடே... இது எங்கேருந்து எறங்குது?"

நூற்றுப்பதினெட்டு இல்லை. ஒரே ஒரு பேக்கேஜ். எடுத்த நேரம், பூஜ்ஜியம் வினாடி.

ஸ்கிரிப்ட் ஓட ஆரம்பித்தது. ஒவ்வொரு அழைப்பும் முடிந்ததும் ஒரு வரி வரும். எத்தனை வினாடி பேசியது என்று காட்டும். பதினொன்றுக்கு மேல் போகவே முடியாது. பதிவு செய்த குரல் அவ்வளவுதான்.

பத்தொன்பது.

ஏழு.

முப்பத்துநான்கு...

லேப்டாப்பில் இருந்து ஒரு சத்தம். ஸ்ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்... மின்விசிறி என்று நினைத்தேன். மின்விசிறி அப்படி அலை மாதிரி விட்டுவிட்டுச் சுற்றாது.

நடுவே இரண்டு வரியில் மட்டும் பூஜ்ஜியம்.

நாற்பதாவது அழைப்பு.

நாற்பத்தொன்றாவது.

3:52. என் போன் அடித்தது.

எடுத்தேன். அதே ஸ்ஸ்ஸ்... அதற்குள் அப்பாவின் குரல்.

"கடல் செரியில்ல மக்கா... யாரையும் விடாத."

அப்பா, அப்பா என்று கத்தினேன். அழைப்பு அறுந்தது. ஆனாலும் எனக்கு உயிர் வந்தது. அப்பாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது, அவரே கூப்பிட்டுச் சொல்கிறார் என்று நினைத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

4:40க்குக் காற்று அடித்தது. எங்கள் தெருவில் இரண்டு தகரக் கூரை பறந்தது. 5:20க்கு நெட் வந்தது. உடனே போன் சேவையின் கணக்கைத் திறந்து பார்த்தேன். அன்றைக்கு ஒரு அழைப்புகூடப் போகவில்லை. லேப்டாப்பில் பேக்கேஜ் ஃபோல்டரும் காலியாகத்தான் இருந்தது.

5:25க்கு அப்பா கூப்பிட்டார். எல்லா வள்ளமும் கரையில்தான் இருக்கிறது என்றார். நீங்கள் 3:52க்கு என்னிடம் பேசினீர்களே என்றேன்.

"நான் உனக்கு விளிக்கல்லியே மக்கா" என்றார்.

பிறகு மெதுவாகச் சொன்னார்.

"எனக்கு வந்தது உனக்க கம்ப்யூட்டர் குரல் இல்ல. எனக்க அண்ணன் பேசினான்."

சூசை பெரியப்பா ஓகியில் போனவர். உடல்கூடக் கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். வீடு வீடாகக் கேட்டேன். ஜெபகுமாரி அக்காதான் முதலில் சொன்னார். கணவர் கடலில் போன பிறகு வள்ளத்தை ஆள் வைத்து நடத்துகிறவர். அவருக்கு வந்த அழைப்பு முப்பத்துநான்கு வினாடி. வள்ளத்தை இறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று கேட்டாராம் கணவர். சொல்லும்போது அக்கா அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

ஒருவருக்கு மகன். ஒருவருக்குத் தம்பி. ஒருவருக்கு, அவர் பிறக்குமுன் போன தாத்தா. இப்படி முப்பத்தொன்பது வீடு.

பேபி மாமாவுக்கும் இன்னொருவருக்கும் மட்டும் அழைப்பே வரவில்லை. மற்றவர்கள் வள்ளத்தைத் திரும்ப மேலே இழுப்பதைப் பார்த்துத்தான் அவர்களும் நின்றிருக்கிறார்கள். அந்த இரண்டு வீட்டிலும் கடல் இதுவரை யாரையும் எடுத்ததில்லை.

மற்ற எல்லோரிடமும் பேசியவர்கள், கடல் கொண்டுபோனவர்கள்.

என்னிடம் பேசியது அப்பா.

இதை நான் அவரிடம் சொல்லவில்லை. வள்ளத்தை விற்கச் சொல்லி ஒரு வருடமாகச் சண்டை போடுகிறேன். கம்ப்யூட்டர் பார்த்துப் பார்த்து உனக்குப் பயம் பிடித்துவிட்டது என்று சிரிக்கிறார்.

இப்போது மணி 3:40. சற்று முன்தான் கூப்பிட்டார். கடல் நன்றாகக் கிடக்கிறதாம், இறங்கப் போகிறாராம்.