மல்லாட்டைப் பாலின் ஊதா

திண்டிவனத்தில் நான் வேதியியல் நடத்தும் கல்லூரியில் இன்று புரதம் கண்டறியும் சோதனை. மாணவிகள் இரண்டு குழாய்களில் காரமும் மயில்துத்தக் கரைசலும் விட்டார்கள். வடிகஞ்சி நீலமாகவே நின்றது. இடித்த மல்லாட்டைப் பால், அதாவது நிலக்கடலைப் பால், புரதம் இருப்பதால் ஊதாவானது. அந்தப் பச்சை மல்லாட்டை வாசனையில் என் தங்கை செல்வி நினைவில் வந்து நின்றாள்.

அப்போது அவளுக்கு மூன்று வயது. கால் வீங்கி, தோல் கரப்பான் நோய் போல உரிந்து கிடந்தாள். அம்மா கூலிக்கு மல்லாட்டை உரித்ததால் வீடெங்கும் பருப்புதான்.

"அத்த துன்னா கரப்பான் ஜாஸ்தியாவும்டி. பாத்துக்கினு இரு" என்று அம்மா என்னைக் காவல் வைத்தாள். செல்விக்கு வடிகஞ்சி மட்டும் ஊட்டினோம்.

ஒருநாள் அவள் ஒரு பருப்பை வாயில் போட்டுக்கொண்டாள். விரலை விட்டுத் தோண்டி எடுத்தேன்.

"ஒண்ணே ஒண்ணுக்கா" என்று அழுதாள். அந்த வாரமே இறந்துவிட்டாள்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். அந்தப் பெருமை எனக்கு நிறைய உண்டு. வடிகஞ்சியின் மாவுச்சத்தில் கார்பன், ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் மட்டுமே. தோலும் தசையும் வளர நைட்ரஜன் உள்ள புரதம் வேண்டும் என்பதும் இன்று வீட்டில் எனக்கு மட்டுமே தெரியும்.

அம்மா இன்றும் எல்லோரிடமும் மெச்சுவாள்: "எம் பெரியவ ஒரு மல்லாட்ட வாயில வைக்க உடல, அப்படி பாத்துக்கினா."

"மேடம், இத்த கொட்டிடட்டுமா?" என்றாள் ஒரு மாணவி. ஊதாக் குழாயை வாங்கி என் கையிலேயே வைத்துக்கொண்டேன்.