முதலில் கையெழுத்து, பிறகு முடிச்சு

இங்கிலாந்தின் நியூலின் துறைமுகத்து மீன் கொட்டகையில் மொர்வென்னாவும் நானும் இருபத்தாறு வருடம் ஒரே மேசையில் எதிரெதிராக நின்று மீன் அரிந்தோம். கானாங்கெளுத்தியின் முள்ளை அவள் மூன்று வெட்டில் பிரித்துவிடுவாள். எனக்கு ஐந்து வேண்டும். நான் மெத்தடிஸ்ட் சபைக்காரி. அவள் பழைய வழிக்காரி. நெருப்பையும் நிலத்தையும், ஏசுவுக்கு முந்திய தெய்வங்களையும் கும்பிடுகிற கூட்டம். தங்களைப் பேகன் என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள். எங்கள் சபைப் பெண்கள் அதே வார்த்தையை வேறு மாதிரி சொல்வார்கள்.

1986 மே மாதம் அவளுக்கும் டென்சிலுக்கும் கல்வட்டத்தில், ஆதிகாலத்தில் யாரோ வட்டமாக நட்டுவைத்த கற்களுக்கு நடுவே, கைப்பிணைப்பு நடந்தது. அதுதான் அவர்கள் வழிக் கல்யாணம். டென்சில் வயல்களுக்குக் கல்வேலி கட்டுகிறவர். பேச்சு குறைவு, உள்ளங்கை இரண்டும் காய்த்துப்போயிருக்கும். வேடிக்கை பார்க்கத்தான் போனேன். துடைப்பத்தால் வட்டத்தைப் பெருக்கி, நான்கு திசைக்கும் வணக்கம் சொன்னார்கள். ரொட்டியும் உப்பும் பகிர்ந்தார்கள். கூட்டத்தில் மூத்த பெண்மணி ஒருத்தி இருவர் மணிக்கட்டையும் சேர்த்து முப்புரிக் கயிற்றால் கட்டினாள். அவர்கள் கையை மட்டும் உருவிக்கொள்ள, முடிச்சு கயிற்றிலேயே நின்றது. ஒரு வருடமும் ஒரு நாளும் என்பதுதான் வாக்கு. அதற்குப் பிறகு மனம் இல்லையென்றால் பிரிந்துபோகலாம். மனம் இருந்தால் அதே கயிற்றில் இன்னொரு முடிச்சு.

கொட்டகையில் இதைக் கேலி பண்ணாத ஆள் கிடையாது.

"ஏன்டி, டிவி லைசென்ஸ் மாதிரி வருஷா வருஷம் புதுப்பிக்கிறீங்களாமே?"

"ஆமா. டிவியை விட அவரு கம்மியா சத்தம் போடுறாரு, அதான் வெச்சிருக்கேன்" என்பாள், கத்தியை நிறுத்தாமல்.

பத்தொன்பது முடிச்சு விழுந்தது. என் கல்யாணம் தேவனுக்கு முன்பாகச் சாகும்வரை என்று நடந்தது. ஏழாம் வருடமே என் புருஷன் பிளைமவுத்தில் வேறொருத்தியோடு குடிபோய்விட்டார்.

2005 பிப்ரவரியில் ஒரு மழை நாள். வயலில் கல்லைத் தூக்கிக்கொண்டிருந்த டென்சில் அப்படியே சரிந்தார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. மீன் வாடை அடிக்கும் ஏப்ரனோடு மொர்வென்னா ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். நானும் கூடப் போனேன்.

"நீங்க அவருக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டாள் நர்ஸ்.

"பொண்டாட்டி."

"கல்யாணம் பதிவு பண்ணியிருக்கீங்களா?"

கல்வட்டத்தில் கட்டுகிற முடிச்சு இங்கிலாந்துச் சட்டத்துக்குக் கல்யாணம் ஆகாது. பதிவாளர் அலுவலகத்தில் போய்த் தனியாகக் கையெழுத்துப் போட வேண்டும். சாமி பார்க்கக் கட்டிக்கொண்டோம், சர்க்காருக்கு என்ன கணக்குச் சொல்வது என்று இருவரும் அதை விட்டுவிட்டார்கள்.

கேம்போர்னிலிருந்து டென்சிலின் தம்பி கிளிஃபர்ட் வந்தார். சபையில் மூப்பர். அண்ணன் வீட்டுக்கு வந்தால் வாசலோடு பேசிவிட்டுப் போகிறவர். டாக்டர் மொர்வென்னாவைக் காட்டி யார் என்று கேட்டதற்கு, "எங்க அண்ணனோட சிநேகிதி" என்றார். அதற்குப் பிறகு டாக்டர்கள் அவரிடம்தான் பேசினார்கள். மூன்றாம் நாள் டென்சில் போய்விட்டார்.

மொர்வென்னா நடைக்கூடத்தில் கிளிஃபர்டை நிறுத்தினாள்.

"கல்வட்டத்துக்குப் பக்கத்து வயல்லதான் புதைக்கணும்னு சொல்லியிருக்காரு. வயல்காரரும் சரின்னுட்டாரு. நான் வேற எதுவும் கேக்கல."

"அவன் ஞானஸ்நானம் வாங்கினவன். எங்கம்மா கல்லறைக்குப் பக்கத்துலதான் படுப்பான்" என்றார் கிளிஃபர்ட். "சட்டப்படி நான்தான் முடிவு பண்ணணும். என்னை மேல பேச வைக்காதீங்க."

அடக்க ஆராதனை எங்கள் சபையில் நடந்தது. பாடகர் குழுவோடு நான் இரண்டாவது வரிசையில் இருந்தேன். மொர்வென்னா கடைசி வரிசையில், குடை வைக்கும் தூணை ஒட்டித் தனியாக உட்கார்ந்திருந்தாள். டென்சில் விட்டுச்சென்ற உறவுகளைப் போதகர் வாசித்தார். தம்பி பெயர், தம்பி மனைவி பெயர், அவர்கள் மகள் லவ்டேயின் பெயர். அத்தோடு முடிந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். மொர்வென்னா நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார எனக்கு இருபது எட்டு வைத்தால் போதும். நான் போகவில்லை.

மறுநாள் குங்குமப்பூ பன் சுட்டு எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

"நான் எந்திரிச்சு வந்திருக்கணும், மொர்வென்னா."

"ஆமா, வந்திருக்கணும்" என்றாள். என் கையிலிருந்த தட்டைப் பார்த்தாள். "சரி, உள்ள வா, பெரில். கெட்டில் வெச்சிருக்கேன்."

ஒருவர் இறந்தால் மற்றவர் கயிற்றைக் கல்வட்டத்துக்குக் கொண்டுபோய் முடிச்சுகளை அவிழ்க்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். போனவர் கட்டில்லாமல் போகட்டும் என்று. மார்ச் கடைசியில் ஐந்து பேர் போனோம். அதில் நான் ஒருத்திதான் சபைக்காரி. காற்று கடலிலிருந்து வந்து முகத்தில் அறைந்தது. கடைசியாகப் போட்ட முடிச்சுகள் சுலபமாக வந்தன. பழையவை கல்லாக இறுகியிருந்தன. "கத்தி தரட்டுமா?" என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். ஈரத்திலும் ஐஸிலும் இத்தனை வருடம் வெடித்த விரல்களால் ஒவ்வொன்றாக நெம்பினாள். முதல் முடிச்சுக்கு மட்டும் அரைமணி ஆயிற்று. நகக்கண்ணில் ரத்தம் வந்தது. அவிழ்ந்ததும், "போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள். அன்றுவரை நான் அவள் அழுது பார்த்ததில்லை. அன்று அழுதாள், உட்கார்ந்து, சத்தமாக, வெகுநேரம்.

மூத்த பெண்மணிக்கு வயதாகிவிட்டதால், இரண்டு வருடம் கழித்துக் கைப்பிணைப்பு நடத்தும் பொறுப்பு மொர்வென்னாவிடம் வந்தது. அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். பதிவாளரிடம் போய்க் கையெழுத்துப் போட்டு, அந்தத் தாளைக் கொண்டுவந்து காட்டினால்தான் கயிறு. கூட்டத்தில் பெரிய சண்டை. முதலில் வந்த ஜோடியில் ஜாகோ என்ற பையன் கொதித்தான்.

"நம்ம கல்யாணத்துக்கு அவனுங்க யாரு முத்திரை குத்த? நீங்களே இப்படிப் பேசலாமா?"

"முத்திரை கல்யாணத்துக்கு இல்ல, ராசா. ஆஸ்பத்திரிக்கு" என்றாள் மொர்வென்னா. பிறகு நர்ஸ் கேட்ட கேள்வியிலிருந்து தூணோரம் உட்கார்ந்தது வரை குரல் உயராமல் சொன்னாள். ஜாகோவின் காதலி கெரென்சா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"எந்திரி. நாளைக்கே போறோம்."

2014 வசந்தத்தில், யாரும் எதிர்பாராதபடி லவ்டே வந்து நின்றாள். கிளிஃபர்டின் மகள். அவளுக்கும் அவள் ஆளுக்கும் கல்வட்டத்தில் கட்டிக்கொள்ள ஆசை.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். ரெண்டு வாரமா என்கூடப் பேசல" என்றாள் லவ்டே. "தாள் கொண்டு வந்துட்டேன், பெரியம்மா."

அந்தப் பெண் அதுவரை அவளை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. மொர்வென்னா தாளைக் கையில் வாங்கியும் வெகுநேரம் அதைப் படிக்கவில்லை.

சடங்கு நாளில், வயல் கேட்டுக்கு வெளியே கிளிஃபர்ட் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டோடு நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரவுமில்லை, போகவுமில்லை. எல்லோரும் காத்திருந்தோம். மொர்வென்னா வட்டத்தை விட்டு ஈரப்புல்லில் நடந்து போனாள். பின்னாலேயே நானும் போனேன். இந்தத் தடவை உட்கார்ந்திருக்கவில்லை.

"கல்லைக் கும்பிட நான் வரல" என்றார் அவர்.

"கும்பிட வேணாம். பொண்ணு பக்கத்துல நின்னா போதும்."

அவர் கேட்டின் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கு டாக்டர்கிட்ட நான் சொன்னது பொய். சொல்லும்போதே தெரியும்."

"தெரியும்னு எனக்கும் தெரியும்."

"மன்னிச்சிடுங்க."

"அதுக்கு இன்னும் நாளாகும், கிளிஃபர்ட்" என்றாள் அவள். "இப்ப உள்ள வாங்க. பொண்ணு உங்களையே பாத்துக்கிட்டு நிக்குது."

வந்தார். தொப்பியைக் கழற்றி மகளருகே நின்றார். சடங்கின் முடிவில் ஜோடியாகத் துடைப்பத்தைத் தாண்டும்போது லவ்டே தடுக்கி அவர் மேலேயே விழுந்தாள். எல்லோரும் சிரித்தார்கள், அவரும்தான்.

மொர்வென்னாவுக்கு இப்போது எழுபத்தொன்று. முழங்கால் வயலில் நடக்க விடாததால் வயல்காரர் டிராக்டரில் ஏற்றிப்போகிறார். மாதம் ஒரு ஞாயிறு கிளிஃபர்ட் அவள் வீட்டுக்கு வருகிறார், உள்ளே உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார். மன்னித்துவிட்டாயா என்று ஒருநாள் கேட்டேன்.

"பாதி" என்றாள். "மீதியையும் அவரு வந்து வாங்கிக்கட்டும். அவசரம் இல்ல."