கருப்பையாவின் நெளி மோதிரம்

செத்துப்போன ஒரு மனிதனைப் பொய்யனாக்கியவன் நான். அவன் மனைவியிடமே அப்படிச் சொன்னேன். அவளும் நம்பினாள்.

இலங்கை மலைநாட்டில், நோர்வூட் கடைத்தெருவில் நான் நகை செய்யும் பத்தர். சுதந்திரம் வந்த புதிதில் இங்கே தொழில் போட்டேன். அப்போதெல்லாம் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் கேட்டது நெளி மோதிரம்தான். ஆணுக்கும் அதே வளைவு, பெண்ணுக்கும் அதே வளைவு... எனக்குச் சலித்துப்போயிற்று. ஐந்தாறு வருடத்தில் எழுத்து மோதிரம் வந்தது. சதுர முகப்பில் பெயரின் முதல் எழுத்து, சுற்றிலும் சிவப்புக் கல். அதன்மேல் எனக்கு அப்படியொரு பைத்தியம்! என் கையிலேயே மூன்று கிடந்தன. நெளி போட்டவனைக் கண்டால் பட்டிக்காடு என்று மனதுக்குள் சிரிப்பேன்.

அந்த நாளில்தான் ராமாயி வந்தாள். பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். புருஷன் கருப்பையா காய்ச்சலில் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. அவனுடைய நெளி மோதிரத்தைத் தன் விரலுக்குத் தக்கபடி சிறிதாக்கித் தரச் சொன்னாள். அது இந்தியாவில் அவன் தாய் கொடுத்த சொக்கத்தங்கம் என்று கல்யாணத்தன்று சொல்லியிருந்தானாம்.

"தாலியத்தான் கழட்டியாச்சு. இது ஒண்ணாவது கையில கெடக்கட்டும் பத்தரண்ணே," என்றாள்.

ஒரு துண்டு வெட்டி, பொடி வைத்து ஊதி ஒட்டினால் தீர்ந்தது வேலை. நான் செய்தது என்ன? முழுவதையும் உருக்கினேன்! அதே பொன்னில், குன்றிமணியும் குறைக்காமல், 'ரா' என்று எழுத்து வைத்து மோதிரம் அடித்தேன். அவள் பூரித்துப்போவாள் என்று நினைத்தேன். கேட்காமல் செய்கிறோமே என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லையே... ஏன்? என் ரசனைதான் உசத்தி என்ற கொழுப்பு. வேறென்ன?

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். புதியதை அவள் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

"அவரோடது எங்கண்ணே?"

அந்த முகத்தைப் பார்த்ததும் பயந்துவிட்டேன். அது தங்கமே இல்லை, பித்தளைக் கலப்படம், நெருப்பில் வைத்ததும் கருகி உதிர்ந்துவிட்டது, பாவம் பார்த்து என் பொன்னில் இதைச் செய்தேன் என்று வாய் கூசாமல் சொன்னேன். கூலியும் வேண்டாம் என்றேன்.

அவள் அழவில்லை. பத்து வருடம் பொய் சொல்லியே குடும்பம் நடத்தியிருக்கிறார் என்று முணுமுணுத்தாள். பிறகு என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். ஐயோ, அந்தக் கும்பிடு!

அதிலிருந்து தீபாவளிதோறும் அவள் வீட்டுப் பலகாரத் தட்டு வந்தது. பத்தர் தங்கமான மனுஷன் என்று அவர்கள் குடியிருக்கும் லயம் முழுக்கப் பேர்.

வருடங்கள் போகப்போக எழுத்து மோதிரம் எனக்கே அசிங்கமாகத் தெரிந்தது. மூன்றையும் கழற்றி உருக்கினேன். நெளியின் அந்த வளைவு எவ்வளவு அழகு என்று அப்போதுதான் புரிந்தது. இன்று என் விரலில் கிடப்பது நெளிதான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்...

போன வருடம் ராமாயியின் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். அவன் பெண்ணுக்குப் போட்ட மோதிரத்தை உரைகல்லில் பார்க்க ராமாயி என்னிடம் கொண்டுவந்தாள். உரசினேன். நல்ல தங்கம் என்றேன். முந்தானையில் முடிந்துகொண்டவள் போகாமல் நின்றாள்.

"அண்ணே, அந்த நெளி விஷயத்துல அவரு தெரிஞ்சேதான் பொய் சொன்னாரா, இல்ல அவரும் ஏமாந்தாரா?"

கடையில் வேறு யாருமில்லை. உங்களிடம் இவ்வளவு கொட்டுகிறேனே, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

"அவரும் ஏமாந்திருப்பாரு தங்கச்சி," என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. இத்தனை காலம் அந்த மனுஷனைத் திட்டிவிட்டேனே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப அவரு ஆத்தாதான் பித்தளையக் குடுத்து ஏமாத்தியிருக்கா."

எங்கோ, எப்போதோ செத்துப்போன, நான் கண்ணால்கூடப் பார்க்காத ஒரு தாய்! மகன் தலையிலிருந்து இறக்கிய பழியை அவள் தலையில் ஏற்றிவிட்டேன். இருக்கலாம் என்று தலையாட்டவும் செய்தேன்.

இந்தத் தீபாவளிக்கும் தட்டு வந்தது. வாங்கிக்கொண்டேன்.