பின்வாசலில் கட்டிய தகரம்

இரண்டு மாரிக்காலம் என் கணவர் விழப்போகும் கூரைக்குக் கீழே படுத்துக் கிடந்தார். அவரை அங்கே படுக்க வைத்தவள் நான்தான். இதைச் சொல்லாமல் நாயன் அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னால் அது பாதிப் பொய்யாகிவிடும். எனக்கு இனிப்பாக எழுத வராது சகோதரிகளே. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண் பிள்ளைக்குக் கல்யாணம் என்றால் வீடு அவளுக்கு. தாய் தகப்பன் பின்னுக்கு ஒதுங்க வேண்டும். எங்களுக்கு ஒரே மகள், பஸ்லியா. நெல் ஆலையில் மூட்டை தூக்கிக் கட்டிய வீட்டை என் கணவர் அவளுக்கு எழுதிக் கொடுத்தார். நாங்கள் அதே வளவில் பின்னால் இருந்த பழைய சமையல் குசினிக்குப் போனோம். ஒரு அறை, ஒரு கதவு, கம்பி போட்ட ஒரு யன்னல்.

அடுத்த வருஷம் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. இடது பக்கம் முழுவதும் போய்விட்டது. பேச்சும் குழறியது. அதே மாரியில் கூரையின் வளைமரத்தைக் கறையான் தின்றது. சுவர் வெடித்தது. மழை பெய்தால் அவருடைய கட்டிலை மூலைக்கு மூலை இழுப்பேன். நனையாத மூலை ஒன்றுதான் மிஞ்சியது.

"உம்மா, வாப்பாவக் கூட்டிக்கிட்டு முன்னுக்கு வாங்க" என்று மகள் அழுதாள்.

"குடுத்த வீட்டுக்குள்ள திரும்பிப் போறதா? ஒன்ட மாமி என்னகா சொல்லுவா? மருமகன்ட காதுக்கு இது போகவே கூடா" என்று அவளுடைய வாயையும் அடைத்தேன். மருமகன் கொழும்பில் கடையொன்றில் வேலை. மாதம் இரண்டு தரம் வருவார். அவர் வரும் நாட்களில் பின்வாசலைக் கழுவி, பாய் விரித்து, எல்லாம் நன்றாக இருப்பது போல் காட்டுவேன். பிறகு பின்வாசலுக்குக் குறுக்கே பழைய தகரம் ஒன்றையும் கட்டிவிட்டேன். முன்வீட்டுக்கு வருபவர் கண்ணில் குசினி படாது.

வீடு திருத்திக் கொடுக்கும் ஒரு தொண்டு நிறுவனம் எங்கள் ஒழுங்கைக்கு வந்தது அப்போதுதான். எதிர்வீட்டு விதவை றஹ்மத்தும்மாவின் வீட்டைத் திருத்த எடுத்தார்கள். சாமான் அவர்கள் தருவார்கள், கைவேலைக்கு வீட்டாரும் சேர வேண்டும். பதிய வந்த பிள்ளை எங்கள் வீட்டுக்கும் வந்தாள். முன்வீட்டுக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தேன்.

"உங்கட வீட்டில ஏதும் திருத்த இரிக்கா உம்மா?"

"எங்களுக்கென்ன மகள், அல்லாஹ்ட காவல். ஒரு குறையுமில்ல."

அவள் எழுதிக்கொண்டு போய்விட்டாள். நான் தகரத்துக்குப் பின்னால் போனேன். கணவர் நனைந்த தலையணையில் கிடந்தார்.

அன்று தொடங்கி ஒவ்வொரு ஸுபஹுத் தொழுகைக்குப் பிறகும் கை ஏந்தினேன். "யா அல்லாஹ், ஒருத்தருக்கும் தெரியாமல் எனக்கு ஒரு கூரையைத் தா." இதுதான் என் துஆ. மாதக்கணக்கில் கேட்டேன். கிடைக்கவில்லை. கோபம் வந்தது. எதிர்வீட்டில் புது ஓடு ஏறுவதைப் பார்த்துக்கொண்டு, "அவளுக்குக் கேட்ட காது எனக்கு மட்டும் கேட்காதா?" என்று நாயனிடமே சண்டை பிடித்தேன். பிறகு பயந்து, மன்னிப்புக் கேட்டுத் தௌபா செய்தேன். மறுநாள் திரும்பவும் சண்டை.

அது ஒரு வெள்ளிக்கிழமை. நாலு நாள் விடாமல் பெய்த மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. மகள் பிள்ளையோடு அட்டாளைச்சேனைக்கு மாமி வீட்டுக்குப் போயிருந்தாள். ஆண்கள் எல்லோரும் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டார்கள். றஹ்மத்தும்மாவும் வீடு முடியும் வரை தன் தங்கை வீட்டில் இருந்தாள். நான் கதவைச் சாத்திவிட்டுக் கணவருக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தேன்.

சுவர் கீழே இறங்கியது. சத்தம் பெரிதாக இல்லை. ஈர மண் சரிந்த மாதிரி ஒரு சத்தம். கதவுக்கு மேலிருந்த மரம் கதவின் மேல் அமர்ந்தது. இழுத்தேன். அசையவில்லை. தோளால் இடித்தேன். வளைமரம் முறுகி, ஓடுகள் சரிந்தன. யன்னலில் கம்பி. ஒரு மனுஷியின் தலைகூடப் போகாது.

அப்போதும் நான் கத்தவில்லை. கத்தினால் ஆட்கள் வருவார்கள், வந்தால் பார்ப்பார்கள் என்றுதான் யோசித்தேன். உயிர் போகிற நேரத்திலும் மானக்கணக்கு.

கணவர் என்னையே பார்த்தார். குழறிக் குழறிச் சொன்னார்: "ஊரையே ஏசுற வாய் புள்ள... இண்டைக்கி மட்டும் என்ன பூட்டா?"

அவர் சொல்லி முடிக்க, ஒரு ஓடு அவருடைய தலைக்குப் பக்கத்தில் விழுந்து நொறுங்கியது.

யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "யா அல்லாஹ்" என்று தொடங்கியது மட்டும் நினைவிருக்கிறது. பிறகு என்னவெல்லாமோ வந்தது. காப்பாற்றுங்கள் என்றேன். கூரை விழுகிறது என்றேன். நான் பொய் சொன்னேன், எங்களுக்கு வீடில்லை என்றும் கத்தினேன். அதைச் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவே இல்லை, நானாகத்தான் சொன்னேன்.

எதிர்வீட்டுக் கூரையில் ஒரே ஒரு ஆள் இருந்தார். பாண்டிருப்புத் தங்கராசா மேசன். கூட வேலை செய்த நம் ஆட்கள் தொழப் போக, இந்து ஆள் என்றபடியால் அவர் மட்டும் ஓடு அடுக்கிக்கொண்டு நின்றார். இறங்கி ஓடி வந்து தகரத்தைப் பிய்த்தெறிந்தார்.

"உள்ளுக்க எத்தின பேர் அக்கா?"

"ரெண்டு பேர். அவரால நடக்க ஏலாது. கதவ ஒடைங்க தம்பி!"

"கதவத் தொட்டா கூரை வந்திரும். அவர மூடிக்கிட்டு மூலைக்குப் போங்க. ஏசுறதெண்டா வெளிய வந்து ஏசுங்க."

யன்னல் வழியாக ஒரு கம்பை உள்ளே தள்ளினார். அவர் காட்டிய இடத்தில் அதை வளைமரத்துக்கு முட்டுக் கொடுத்தேன். பிறகு அலவாங்கின் இரும்பு முனையால் யன்னலுக்குக் கீழே சுவரை உடைத்துப் பெயர்த்தார். என் கணவரைப் பாயோடு சேர்த்து இழுத்து வெளியே எடுத்தார். நாங்கள் வெளியே வந்து கொஞ்ச நேரத்தில் கூரை கட்டிலின் மேல் இறங்கியது.

தொழுகை முடிந்து ஊரே வளவுக்குள் நின்றது. தொப்பி போட்ட அத்தனை பேரும் பார்த்தார்கள். நான் பயந்த அந்தக் காட்சிதான். நிறுவனத்துப் பிள்ளையும் வந்தாள். "பொய் சொல்லிட்டன் மகள்" என்றேன்.

"அண்டைக்கே தகரத்தக் கண்டன் உம்மா. கேட்டா ஏசுவீங்களெண்டு பயத்தில கேக்கல்ல" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் வந்தது.

மகளின் வீட்டுக்குள் திரும்பப் போனேன். வானம் இடிந்து விழவில்லை. விழ இருந்தது என் கூரை மட்டும்தான், அது விழுந்துவிட்டது. மருமகன் வந்தார். "என்னையும் ஒரு மனிசனெண்டு நெனைக்கல்லையே மாமி" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். பிறகு ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. ஆனால் நிறுவனம் எங்கள் வீட்டையும் கட்டித்தர எடுத்தபோது, லீவு போட்டு வந்து அத்திவாரம் வெட்டியது அவர்தான். காணி மகளின் பெயரில் இருந்ததால் அவளுடைய சம்மதக் கடிதம் வேண்டும் என்றார்கள். நாங்கள் எழுதிக் கொடுத்த காணியில் நாங்கள் இருக்க அவள் எழுதித் தந்தாள். கொடுத்த கையால் வாங்கினேன். கூச்சமாகத்தான் இருந்தது. வாங்கினேன்.

மாரி முடிந்து வீடு எழும்பியது. இரண்டு அறை. சக்கர நாற்காலி போக அகலமான வாசல், படிக்குப் பதில் சரிவு. தங்கராசா மேசன் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி வைத்தார். அவருக்காகவும் அவருடைய பிள்ளைகளுக்காகவும் நான் துஆ கேட்காத நாளில்லை. என் கணவர் இப்போது வெள்ளிக்கிழமைகளில் மருமகன் தள்ள ஜும்ஆவுக்குப் போகிறார்.

யோசித்துப் பார்க்கிறேன். ஒருவருக்கும் தெரியாமல் தா என்று கேட்டேன். என் பொய்யைக் காவல் காக்கும்படி நாயனிடமே கேட்டிருக்கிறேன். அவன் அதைத் தரவில்லை. கதவை இறுக்கி, என் வாயைத் திறந்துவிட்டான். பள்ளிவாசலுக்குப் போகாத ஒரே ஆளை எதிர்க்கூரையில் நிறுத்தி வைத்திருந்தான். அல்ஹம்துலில்லாஹ், ஆயிரம் தரம்.

என்னைப் போல் எத்தனை பேர் பின்வளவில் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். முன்வீட்டுக்கு வர்ணம் பூசியிருப்பீர்கள். நாயனை நம்புங்கள், அழுது கேளுங்கள், வேண்டுமானால் என்னைப் போல் சண்டையும் பிடியுங்கள். ஆனால் நாளைக்குக் காலையில் முதல் வேலையாக அந்தத் தகரத்தை அவிழ்த்து விடுங்கள்.