அடுக்களை வாசலுக்கு வந்த எதிர்க்கட்சி

நாகர்கோவில் கோர்ட்டில் நான் அங்கி மாட்டிக்கொண்டு ஏறிய காலத்தில், பெண் என்று பெயர் ஒட்டிய எல்லாம் பெண்களுக்கென்றே இருந்தன. பெண் பள்ளிக்கூடம், பெண் ஆஸ்பத்திரி. ஆகவே பெண் வக்கீலையும் சர்க்கார் பெண்களுக்கென்று வைத்திருக்கிறது என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள். சக வக்கீல்களுக்கோ நான் ஒரு வேடிக்கை. "என்னம்மா, உலையில அரிசி போட்டாச்சா?" என்று வராந்தாவில் கேட்பார்கள். "போட்டாச்சு, உங்களுக்குத்தான் பங்கில்ல" என்பேன். வாய்க்கு ஒன்றும் குறைவில்லை. வழக்குகளுக்குத்தான் குறைவு.

அப்படியிருக்கையில் மயிலாடியிலிருந்து ஒரு அம்மாள் வந்தாள். பிள்ளையில்லாதவள். தம்பி மகளைப் பிறந்ததிலிருந்து தூக்கி வளர்த்தவள். தம்பி இறந்துபோனான். குழந்தை தன்னிடமே இருக்க உத்தரவு வேண்டும் என்று குழந்தையின் தாய்மேல் மனுப் போடவேண்டும் என்றாள். அவள் அழுத அழுகையில் நானும் கொஞ்சம் அழுதுவிட்டேன், வக்கீல் அழக்கூடாது என்பது அப்போது யாருக்குத் தெரியும்! போகும்போது குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னாள். "மக்கா, உங்கிட்ட மறைக்கப்படாது. சாகும்போது எந்தம்பி, பிள்ளைய அவ அம்மகிட்டயே விட்டிருன்னுதான் சொன்னான்."

"அக்கா, அதை நானாகச் சொல்லமாட்டேன். ஆனா கோர்ட்டில கேட்டா நீங்க பொய் சொல்லப்படாது" என்றேன். தலையாட்டினாள்.

விசாரணைக்குக் கொஞ்சநாள் முன்னால், நல்ல மத்தியான வெயிலில், அடுக்களை வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். கையில் வாழையிலையில் பொதிந்த பிச்சிப்பூவோடு ஒரு இளம்பெண். தோவாளைக்காரி. புருஷனை இழந்தவள் என்று பார்த்ததுமே தெரிந்தது. உட்காரச் சொல்லி மோர் கொண்டுவருவதற்குள் படபடவென்று கொட்டிவிட்டாள்.

"எனக்கொரு பிள்ள வழக்கு கெடக்கு அக்கா. தீர்ப்பானதும் பிள்ளையத் தூக்கிட்டுக் கொழும்புக்குப் போயிருவேன், எங்கண்ணன் அங்கதான் இருக்கான். எனக்க வக்கீலு இத வெளிய மூச்சு விடப்படாதுன்னாரு. மயிலாடியில எங்க மைனி, அவருக்க அக்கா, கேட்டா நெஞ்சு வெடிச்சிருவா. இது பாவமாக்கா?"

மயிலாடி என்றதும் மோரைக் கீழே வைத்துவிட்டேன்.

"ஏட்டி, நிறுத்து! நான் உனக்க மைனிக்க வக்கீலாக்கும்."

"அய்யோ கர்த்தாவே!" என்று துள்ளி எழுந்தாள். "பெண் ஆஸ்பத்திரியில டாக்டரம்மா எல்லாப் பொம்பிளைக்கும் பாக்காங்களே, நீங்களும் அப்படியாக்கும்னுல்லா நெனச்சேன்!"

அவள் போனபிறகு நான் அடுக்களையிலேயே உட்கார்ந்திருந்தேன். அவளைக் கூண்டில் ஏற்றிக் கொழும்பு என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், குழந்தையைக் கடல் தாண்டி அனுப்ப எந்த ஜட்ஜிக்கும் மனம் வராது. வழக்கு ஜெயிக்கும், என் பெயரும் நிற்கும். ஆனால் நம்பிவந்து ஏமாந்தவளின் வார்த்தை அது. அதைத் தெரிந்துகொண்டு கேட்காமல் இருந்தாலோ என் கட்சிக்காரிக்குத் துரோகம். இரண்டு பக்கமும் பாழ். வக்காலத்தைத் திருப்பிக் கொடுப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

மயிலாடி அம்மாள் வந்து ஆடித் தீர்த்துவிட்டாள். "பயந்துட்டியா? அவ பக்கம் சாஞ்சிட்டியா?"

"காரணம் கேக்காதீங்க அக்கா. என்னால சொல்ல முடியாது."

"நான் சொன்னத அவகிட்டச் சொல்லிட்டியா?"

"உங்க வார்த்தை எங்கிட்டருந்து வெளிய போகாது. யாருக்க வார்த்தையும் போகாது."

அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு வழக்குக் காகிதங்களை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். வராந்தாவில் மறுநாளே சிரிப்பு. பொம்பிளைக்குக் கூண்டைக் கண்டால் நடுக்கம் என்றார்கள். எரிச்சலில் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

விசாரணையன்று கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். மயிலாடி அம்மாளின் புது வக்கீல் பெரிய ஆள். "உமது தம்பி குழந்தையைப் பற்றிக் கடைசியாக என்ன சொன்னார்?" என்று கம்பீரமாகக் கேட்டார். ‘குழந்தையை நீயே வளர்’ என்ற பதில்தான் வரும் என்று நினைத்தார் பாவம்.

"பிள்ளைய அம்மகிட்டயே விட்டிருன்னு சொன்னான் எசமானே" என்றாள் அவள்.

புது வக்கீல் தும்மலை அடக்கியவர்போல் நின்றார். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த தோவாளைப் பெண் எழுந்துவிட்டாள். "மைனி, நான் கொழும்புக்குக் கொண்டுபோகணும்னு இருந்தேன். போகமாட்டேன் மைனி, உங்க கண்ணுக்கு எட்டுற தூரத்துலதான் வளப்பேன்" என்று கோர்ட்டு என்றும் பாராமல் கதறினாள். ஜட்ஜி யாரையும் அடக்கவில்லை. தாயிடமே குழந்தை, அத்தை வேண்டும்போதெல்லாம் பார்க்கலாம் என்று இருவர் சம்மதத்தோடும் உத்தரவாயிற்று.

வெளியே வந்ததும் புது வக்கீல் எகிறினார். "ஜெயிக்கிற வழக்கைக் கெடுத்தீரே, உமக்கு யார் இதைச் சொல்லிக்கொடுத்தது?"

சிரித்த அத்தனைபேரும் அங்கேதான் நின்றார்கள். அந்த அம்மாள் என்னைக் கைகாட்டினாள்.

"இவ ஒண்ணும் சொல்லல. தனக்குப் பேரு கெட்டாலும் அடுத்தவளுக்க வார்த்தையச் சொல்லமாட்டேன்னு நின்னா. அதப் பாத்தபொறவு எனக்குப் பொய் சொல்ல நாக்கு வரல."

கர்த்தர் அவளை ஆசீர்வதிப்பாராக. அதற்குப்பிறகு என் வீட்டு முன்வாசலுக்கு வழக்கோடு பெண்கள் வர ஆரம்பித்தார்கள். நான் முதலில் கேட்கும் கேள்வி மட்டும் மாறிவிட்டது. "எதிர்க்கட்சி யாருட்டி? அதச் சொல்லிட்டு அப்புறம் உக்காரு."