கட்டை மேல நின்ன அம்பாசிடர்

பேய்க்கதை சொல்றவனைக் கண்டாலே எனக்கு ஆகாது, அதை முதல்லயே சொல்லிடுறேன். குமுளி மலைல வெள்ளைச் சேலை வழி மறிச்சதுன்னு சொன்ன டிரைவருக எத்தனையோ பேரை டீக்கடைல உக்கார வச்சு நான் குறுக்கு விசாரணை பண்ணியிருக்கேன், கடைசில பாத்தா எல்லாக் கதையும் 'நான் பாக்கல, என் மச்சான் பாத்தான்'ல வந்துதான் நிக்கும். எனக்குத் தொழில் மோட்டார் வைண்டிங். ஓடைப்பட்டிப் பக்கம் எந்தத் திராட்சைத் தோட்டத்துல மோட்டார் புகைஞ்சாலும் என்கிட்டதான் வரும். கரண்டு இருந்தா டெஸ்டர் எரியும், இல்லன்னா எரியாது, எனக்குத் தெரிஞ்ச உலகம் அவ்வளவுதான். இப்ப சொல்லப் போறதை நீங்க நம்பினாலும் சரி, நம்பாட்டியும் சரி, வேற யாராவது வந்து என்கிட்ட சொல்லியிருந்தா நானே அவனை எந்திரிச்சுப் போகச் சொல்லியிருப்பேன்.

தொழில் அதுன்னா, கிறுக்கு வேற. வீட்டுக்குப் பின்னால திராட்சைப் பெட்டி அடுக்குறதுக்குப் போட்ட தகரச் செட்டு ஒண்ணு உண்டு. அதுல பழைய வண்டிகளைக் கொண்டாந்து போட்டு, நட்டு போல்ட்டு வரைக்கும் கழட்டி, தேச்சு, திரும்ப மாட்டி ஓட விடுறது. ஒரு வில்லிஸ் ஜீப்பை எழுப்பிட்டேன், அப்புறம் ஒரு ஃபியட்டு. ஊர்ல எனக்கு இரும்புக்கடைன்னே பேரு. மூணாவதா வந்ததுதான் இந்த அம்பாசிடர், மார்க் ஒன்னு.

இது எங்க அப்பா ஓட்டின வண்டி. அப்பா போடில ஒரு ஏலக்கா வியாபாரிகிட்ட காலமெல்லாம் டிரைவரா இருந்தாக. போடிமெட்டு மலை அவுகளுக்கு வாசப்படி ஏறுற மாதிரி. அப்பாவுக்கு வாய் ஓயாது. பின் சீட்ல முதலாளி தூங்கிட்டாருன்னா வண்டிகிட்டயே பேசிக்கிட்டு ஓட்டுவாகளாம், 'வாடியம்மா, இந்த வளைவு ஒண்ணுதான்'னு. வீட்டுலயும் அப்படித்தான், அப்பா தெருமுனைல வர்றது அவுக குரல்லயே தெரிஞ்சிடும், அம்மா சோத்துத் தட்டை எடுத்து வச்சிடும். அப்பேர்ப்பட்ட மனுசனுக்கு ஒரு நாள் குளிச்சிட்டு வந்து துண்டைப் பிழியும்போது வாதம் அடிச்சுது. வலது பக்கம் போச்சு, அதோட பேச்சும் போச்சு. மதுரைல கொண்டுபோய் வச்சுப் பாத்தோம். கை கால் வந்தா வரும், பேச்சு கஷ்டம்னாக. ஒரு வருசம் ஒரு சத்தம் கிடையாது. கண்ணு மட்டும் நம்மளைப் பாத்துக்கிட்டே இருக்கும்.

அம்மாவை அப்ப நீங்க பாத்திருக்கணும். மருந்து, மாத்திரை, எண்ணெய் தேய்க்கிறது எல்லாம் செய்யும், ஆனா எப்பப் பாத்தாலும் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், "நடக்கக்கூட வேண்டாம்யா. ஒரு வார்த்தை என்னைத் திட்டுனாக்கூடப் போதும்." அதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அதே வெறி வந்துடுச்சு. அப்பதான் போடில அந்த வண்டி மாட்டுக் கொட்டகைல கிடக்குதுன்னு கேள்விப்பட்டேன். முதலாளி மகன்கிட்ட கேட்டேன், எடுத்துட்டுப் போங்கன்னுட்டாரு. டிராக்டர்ல கட்டி இழுத்துட்டு வந்து செட்டுல நாலு பக்கமும் கட்டை வச்சுத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தைக் கழட்டிட்டேன். அந்த வண்டிச் சத்தத்தைக் கேட்டா அப்பாவுக்கு ஏதாவது வராதான்னு ஒரு ஆசை. டாக்டர் சொல்லல, நானா நினைச்சுக்கிட்டது. நியூட்ரினோ ஆராய்ச்சிக்குன்னு பொட்டிப்புரம் மலையைக் குடையப் போறாகன்னு பேச்சு கிளம்பின நேரம் அது.

வேலை ஆரம்பிச்சு ஸ்டீயரிங் பாக்ஸைக் கிரீஸ் போட்டு இளக்கி, வீலை முழுசா வலது பக்கம் ஒடிச்சேன் பாருங்க, அம்மா கொல்லை வாசல்ல வந்து நின்னு, "ஏலே, அப்பா வலது கையைத் தூக்குனாகடா"ன்னுச்சு. போய்ப் பாத்தேன், கை போர்வை மேல கிடந்துச்சு, வழக்கம் போலத்தான். சதை துடிச்சிருக்கும்னு சொல்லிட்டு வந்துட்டேன். அப்புறம் ஒரு நாள் பேட்டரியைக் கொடுத்து ஹெட்லைட்டைப் போட்டுப் பாக்குறேன், அன்னைக்கு அப்பா கண்ணுல இருந்து தண்ணியா ஊத்துதுன்னுச்சு. தூசி விழுந்திருக்கும்னேன். என் மூளை அப்படி, என்ன செய்ய.

எஞ்சினைத் தேனில லேத்துல கொடுத்து, தேஞ்ச சிலிண்டரைக் கடைஞ்சு போர் பண்ணி, புது பிஸ்டன், புது ரிங்கு போட்டு இறக்குனேன். லேத்துக்காரர் கட்டன் ரைட்டாச் சொல்லி அனுப்பியிருந்தாரு, "முதத் தடவை ஸ்டார்ட் ஆயிடுச்சுன்னா கொஞ்ச நேரம் ஒரே சீரா ஆக்ஸிலேட்டரைப் பிடிங்க, நடுவுல காலை எடுத்துராதீக, ரிங்கு உக்காரணும்." புது எஞ்சினுக்கு இங்கன எல்லாரும் செய்றதுதான். பெட்ரோல் டேங்கு இன்னும் மாட்டல, கேன்ல இருந்து டியூப் விட்டிருந்தேன். சாரல் விழுந்துக்கிட்டிருந்த ஒரு மத்தியானம், சாப்பிட்ட கையோட போய், எலுமிச்சம்பழம் சூடம்னு எதுவும் கிடையாது, ஏறி உக்காந்து செல்ஃபைக் கொடுத்தேன். ரெண்டு தடவை இருமிட்டு எஞ்சின் பிடிச்சிருச்சு. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துடுச்சு, பொய் சொல்லல.

நான் உக்காந்த இடத்துல இருந்து பாத்தா கொல்லைக்கு அந்தப் பக்கம் அப்பா ரூம் ஜன்னல் நேரா தெரியும். அப்பா தெரியமாட்டாக, கட்டில் ஜன்னலுக்குக் கீழ. அம்மா மட்டும் தெரியும். அம்மா திடீர்னு ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு என்னைப் பாத்துக் கத்துது. எஞ்சின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. அப்புறம் கொல்லையைத் தாண்டி மழைல ஓடி வந்து, "பேசுறாகடா, அப்பா பேசுறாகடா, வாடா"ன்னுச்சு. காலை எடுத்தேன். ஐடிலிங் இன்னும் செட் பண்ணல, எஞ்சின் பொட்டுன்னு நின்னுச்சு. ஓடுனேன். அப்பா மேல பாத்துக்கிட்டுப் படுத்திருக்காக, வாயைச் சுத்தி எச்சில், நெத்தியெல்லாம் வேர்வை. "அப்பா, நான்தாம்பா"ங்கிறேன். ஒண்ணுமில்ல. கண்ணு மட்டும் என் மேல.

திரும்ப வந்து ஸ்டார்ட் பண்ணேன். ஜன்னல்ல அம்மா கையை ஆட்டுது, ஆமா ஆமான்னு. காலை எடுத்துட்டு ஓடுனா, பேச்சு இல்ல. சரி, மூளையை உபயோகிப்போம்னு ஒரு செங்கல்லை ஆக்ஸிலேட்டர் மேல முட்டுக் கொடுத்தேன். எஞ்சின் அதே சீரா ஓடுது, நான் போய்க் கட்டில் பக்கத்துல நிக்கிறேன், அப்பா வாய் மூடியே இருக்கு. "இப்பப் பேசலடா, நீ போனாத்தான் பேசுறாக"ங்குது அம்மா. "நீ வந்து மிதிம்மா, நான் ஒரு தடவை கேட்டுக்கிறேன்"னு கெஞ்சினேன். "நான் அவுகளை விட்டு வரமாட்டேன், நீ போய் மிதி"ன்னுடுச்சு. அம்மா என் பேச்சைத் தட்டினதே கிடையாது, அன்னைக்குத் தட்டிருச்சு.

என் கால் அங்கன இருந்தாத்தான் அப்பாவுக்குப் பேச்சு, என் கால் அங்கன இருந்தா எனக்குக் கேக்காது. இப்படி ஒரு கணக்கை எவன் போட்டான்னு தெரியல. நான் மிதிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், வேற என்ன பண்ணச் சொல்றீக? அம்மாவாவது கேக்கட்டும்னு உக்காந்திருந்தேன். ஜன்னல்ல அம்மா ஒரு கையால வாயைப் பொத்திக்கிட்டு, இன்னொரு கையை என்னைப் பாத்து ஆட்டுது. நிப்பாட்டாத, நிப்பாட்டாதன்னு வாய் அசையிறது தெரியுது. எஞ்சின் வேகம் கொஞ்சம் இறங்குனாக்கூட அம்மா பதறும், நான் இன்னும் அழுத்துவேன்.

ரேடியேட்டர் ஹோஸ் கிளிப் ஒண்ணு கழண்டு தண்ணி கொட்டுறது எனக்குத் தெரிஞ்சது. ஆவி பானெட்டுக்கு மேல வருது, சூட்டு நாத்தம் வருது. புதுசா போர் பண்ண எஞ்சினு, தண்ணியில்லாம ஓட்டினா என்ன ஆகும்னு என்னைவிட யாருக்குத் தெரியும்? காலை எடுக்க முடியல. அம்மா முகத்தைப் பாத்துக்கிட்டே எடுக்க முடியல. கிறீச்சுன்னு ஒரு சத்தம், வண்டியே ஒரு குலுக்குக் குலுக்கி நின்னுச்சு. செல்ஃப் அசைக்கல. முன்னால ஹேண்டிலைப் போட்டுத் தொங்கிப் பாத்தேன், கிராங்கு இம்மி நகரல. எஞ்சின் மொத்தமா இறுகிருச்சு. செட்டு வாசல்ல மழைல நனைஞ்சுக்கிட்டு அந்த ஹேண்டிலைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டே இருந்திருக்கேன், அம்மா வந்து தோளைத் தொட்டப்புறம்தான் விட்டேன்.

அம்மாவுக்கு ஆசைல காதுல விழுந்த பிரமை, வேற ஒண்ணுமில்லன்னு நீங்க நினைப்பீக. நானும் அன்னைக்குப் பொழுதெல்லாம் அப்படித்தான் நினைச்சேன். மறுநாள் பால் ஊத்த வந்தவரு, "நேத்து அப்பா யாரைப் போட்டு அந்தச் சத்தம் போட்டாக? ரோடு வரைக்கும் கேட்டுச்சே, பேச்சு வந்துடுச்சா?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டாரு.

இன்னொண்ணு, அப்பாவோட வலது கால். ஒரு வருசமாத் துணி மாதிரி கிடந்த கால், அன்னைக்குச் சாயங்காலத்துல இருந்து நேரா விறைச்சு, பாதம் கட்டில் சட்டத்தை முட்டித் தள்ளிக்கிட்டு நின்னுச்சு. மடக்கிப் பாத்தோம், மடங்கல. வாதத்துல நரம்பு இப்படி இறுகுறது உண்டுன்னாரு டாக்டர். இருக்கலாம், அவரு படிச்சவரு. தலகாணியைக் கால்மாட்டுல வச்சுப் பாத்தேன், அதையும் தள்ளிட்டுது.

அப்பா என்ன பேசுனாகன்னு அம்மாகிட்ட எத்தனையோ தடவை கேட்டேன். "என்னென்னமோ பேசுனாக, பழைய பேச்சு"ன்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிடும். ஒரு நாள் அப்பா காலுக்கு எண்ணெய் தேச்சுக்கிட்டிருக்கும்போது அதுவா ஆரம்பிச்சுச்சு, என் முகத்தைப் பாக்கல. "ஒரே பேச்சுத்தான்யா திரும்பத் திரும்பச் சொன்னாக. பிரேக்கு பிடிக்கல, பிரேக்கு பிடிக்கல, அவனைக் காலை எடுக்கச் சொல்லு, நிப்பாட்டச் சொல்லுன்னு."

சக்கரமே இல்லாத வண்டி, பிரேக் டிரம்மெல்லாம் கழட்டி மண்ணெண்ணெய்ல ஊறப் போட்டிருந்தேன். இங்கன நான் மிதிக்க மிதிக்க, அங்கன அவுக எந்த மலைல இறங்கிக்கிட்டு இருந்தாகளோ. "அதை ஏம்மா என்கிட்ட சொல்லல? நிப்பாட்டாதன்னுதானே நீ கையை ஆட்டுன"ன்னு கத்திட்டேன். அம்மா எண்ணெய்க் கையைச் சேலைல துடைச்சிட்டு, "அந்தக் குரலைக் கேட்டு ஒரு வருசமாச்சுல்ல. என்ன சொல்றாகன்னு எனக்குத் தோணவே இல்ல, குரல்தான் கேட்டுச்சு"ன்னுச்சு. அதுக்கு மேல அம்மாவை என்ன கேக்குறது, சொல்லுங்க.

அன்னைக்கே டிரம்மை மாட்டி, பிரேக் ஆயில் ஊத்தி, காத்தை எடுத்து, நாலு பக்கமும் பிடிக்கிற மாதிரி செட் பண்ணேன். ஏறி உக்காந்து பெடலை மிதிச்சுக்கிட்டே, அப்பா, பிரேக்கு பிடிச்சிருச்சுப்பா, வண்டி நின்னுருச்சுப்பான்னு சொன்னேன். டெஸ்டரை நம்புறவன்தான், சொன்னேன். அப்பா கால் மடங்கல. அந்த மழைக்காலம் முடியுறதுக்குள்ள போயிட்டாக. காலை மடக்க முடியாம, பாடைல அப்படியேதான் வச்சுக் கட்டுனோம்.

வண்டி இன்னும் செட்டுலதான் நிக்குது, அதே கட்டை மேல. எஞ்சினைக் கழட்டித் திரும்பப் போர் பண்ணா ஓடிரும், பெரிய வேலையே இல்ல. வர்றவக எல்லாம் கேக்குறாக, நான்தான் அதுல கை வைக்கல.

இப்ப அம்மா கேக்க ஆரம்பிச்சிருக்கு. அப்பா படுத்திருந்த கட்டில்ல இன்னைக்கும் தினமும் போர்வையை உதறி விரிக்கும், ஜன்னலைத் திறந்து வைக்கும், திறந்துட்டு என்கிட்ட வந்து சாதாரணமா, கடைக்குப் போயிட்டு வாய்யாங்கிற மாதிரி சொல்லும், "அந்த வண்டியைச் சரி பண்ணி ஒரே ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணேன்யா." அப்பா செத்துட்டாகம்மான்னு சொன்னா, தெரியும்யாங்குது. ஸ்டார்ட் பண்ணி ஒண்ணும் நடக்கலன்னா அம்மா அதோட உடைஞ்சிடும். அதைக்கூட எப்படியாவது தேத்திடலாம். நான் மிதிச்சுக்கிட்டு இருக்கும்போது ஜன்னல்ல அந்தக் கை திரும்ப ஆடுச்சுன்னா, நான் காலை எடுக்கவா, அழுத்தவா?